சுவருக்கு அப்பால் முப்பத்தொரு நாள்

1

லீவுப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் 'மரணம்' என்று எழுதினேன். அடுத்த கோட்டில் உறவு கேட்டிருந்தது. 'தம்பி' என்று எழுதினேன். அதற்கடுத்த கோட்டில் திகதி. அங்கேதான் பிழை நடந்தது. நான் உண்மையான திகதியைப் போட்டுவிட்டேன்.

தொழிற்சாலையில் என் சுப்பவைசர் நல்ல மனிதர். படிவத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "குமார், உன் தம்பி இறந்து மூன்று வருடம் ஆகிறது. லீவு நாளைக்கா கேட்கிறாய்?" என்றார். திவசம் என்றால் என்ன என்று எனக்குத் தமிழிலேயே விளக்கிச் சொல்ல வராது. படிவத்தைத் திருப்பி வாங்கி, மரணத்தை வெட்டிவிட்டு, 'குடும்ப விருந்து' என்று எழுதிக் கொடுத்தேன். உடனே கையெழுத்துப் போட்டார்.

நேற்று அந்த விருந்து நடந்தது. ஐயர் சனிக்கிழமை என்றால் வருவேன் என்றார். திதி செவ்வாயில் வந்துவிட்டது. ஆகவே அஜின்கோர்ட் என்ற புறநகரில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டின் முன்னறையில், தம்பி யோகனின் படத்துக்கு முன்னால் நாங்களே விளக்கேற்றி இலை போட்டோம். தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலை குளிரில் உறைந்து கறுத்திருந்தது. என் மனைவி புவனம் அவனுக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பொரியல், உழுந்து வடை, சீனி கூடப் போட்ட பிளேன்ரீ எல்லாம் படைத்தாள். நான் ஒரு சிகரெட் பெட்டியை வைத்தேன்.

மகள் சுகந்திக்கு இப்போது பதினாறு வயது. திவசம் என்று அவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கவே பெரிய பாடு. எதிலும் பட்டுக்கொள்ளாமல் சுவரோடு சாய்ந்து நின்றவள் திடீரென்று மாடிக்கு ஓடிப்போய் ஒரு கசெற்றைக் கொண்டுவந்து வடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உதென்ன பிள்ளை?" என்றாள் புவனம்.

"சித்தப்பாவுக்கு விருப்பமானதைத்தானே வைக்கவேணும்?" என்றாள் சுகந்தி. அப்புறம் என்னைப் பார்க்காமலே, "அப்பா இதை இன்னும் கேக்கேல்லை" என்றாள்.

உண்மைதான். அந்தக் கசெற் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேல். நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இங்கே யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

2

நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தவன். கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தேன். ஒரு வருடம் கழித்துப் புவனமும் சுகந்தியும் வந்தார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் ஒரு அறை, ஒரு ஹோல், சமைக்க ஒரு குசினி. குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் ஹோல்.

நான் வெளியில் பேசாதவன். லிஃப்ற்றில் யாராவது குட்மோர்னிங் சொன்னால், பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இறங்கவேண்டிய மாடி வந்துவிடும். ஆனால் வீட்டுக்குள் என் தொண்டை வேறு. "வீட்டுக்குள்ளை மட்டும் உங்களுக்கு ஆரோ மைக் பூட்டி விட்டமாதிரி" என்று புவனம் சொல்லுவாள். கோபத்தில் கத்துவது இல்லை. தேத்தண்ணி கேட்டாலே அப்படித்தான் வரும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு இலை கொட்டும் காலத்தில் அடுத்த வீட்டுக்கு நான்கு பொடியன்கள் வந்தார்கள். அயர்லாந்துக்காரர். மூத்தவனுக்கே இருபத்திரண்டு இருக்காது. ஊரில் வேலையில்லை என்று விசிற் விசாவில் வந்து, பகலில் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்தார்கள். பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை பாட்டு. மூன்று கிற்றார், ஒரு டிரம் செற். குழுவுக்கு 'த டின் ரூஃப்ஸ்' என்று பெயர். தகரக் கூரைகள். சுகந்தி சொன்னபோது நான் சிரித்தேன். மழை பெய்தால் நம்முடைய பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகை போடும் சத்தம்தான் அவர்களுடையதும்.

பாடுகிறவன் டெக்லன், செம்பட்டைத் தலை. டிரம்ஸ் அடிக்கிறவன் கோனர், இவனும் என்னைப்போலப் பேசாதவன். மற்ற இருவரும் அண்ணன் தம்பிகள். எவன் அண்ணன், எவன் தம்பி என்று எனக்குக் கடைசிவரை மாறி மாறித்தான் தெரியும்.

நான் காலை ஷிஃப்ற் முடிந்து மூன்றரைக்கு வீட்டுக்கு வருவேன். முதல் கிழமை தலையணையால் காதைப் பொத்தினேன். இரண்டாம் கிழமை தலையணையை எடுத்துவிட்டேன். மூன்றாம் கிழமை கதிரையைக் குசினிச் சுவரோடு இழுத்துப் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். பெரிய டிரம் அடிக்கும்போது முதுகில் ஒருவர் மெல்லத் தட்டுகிறமாதிரி இருக்கும்.

3

அது தம்பி யோகனால் வந்த பழக்கம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் பீற் குறூப் வைப்பது ஒரு பைத்தியம். பெல்பொட்டம் காற்சட்டை, தோளில் முட்டும் தலைமயிர், கல்யாண வீடுகளிலும் கார்னிவலிலும் கச்சேரி. யோகன் முதலில் பிஸ்கற் தகரங்களில் அடித்தான். பிறகு ஒரு குழுவில் சேர்ந்து உண்மையான டிரம்ஸ் அடித்தான். தெருவில் ஒரு மாட்டுவண்டி போனாலும் அதன் தாளத்துக்கு அவனுடைய விரல் கதவில் ஓடும்.

அந்தக் குழுவுக்குக் கொழும்பில் வானொலிக்குப் பாடிக் காட்ட அழைப்பு வந்தது. ஐயா விடமாட்டேன் என்றார். யோகன் என்னிடம் வந்தான். "அண்ணை, நீங்கள் ஒருக்கால் ஐயாவோடை கதையுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பார்" என்றான். நான் "சொல்லுறன்" என்றேன். இரண்டு நாள் ஐயாவின் சாய்மனைக் கதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சொல்லவில்லை. குழு வேறொரு டிரம்ஸ்காரனைக் கூட்டிக்கொண்டு போனது. அவர்களுடைய பாட்டை வானொலியில் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டோம், யோகன் உட்பட. "நல்லாத்தான் அடிக்கிறான்" என்று மட்டும் சொன்னான். பிறகு சங்கக் கடையில் கிளாக்காகச் சேர்ந்துவிட்டான்.

அதைப்பற்றி அவன் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

4

பொடியன்கள் வந்து இரண்டு மாதத்தில் எங்கள் கட்டிடத்தைப் பார்க்கிற சுப்பர் ஒரு தாளோடு வந்தார். மேல்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்திருக்கிறாராம். பக்கத்து வீட்டுக்காரன் நானும் கையெழுத்து வைத்தால் டிரம்ஸை எடுக்கச் சொல்லலாமாம். பேனையையும் நீட்டினார்.

அப்போது என் அகதிக் கேஸ் முடியவில்லை. கேஸ் முடியும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்கக்கூடாது என்று எனக்கு முன்னர் வந்தவர்கள் சொல்லித் தந்திருந்தார்கள். அது பால்காரனின் தாளாக இருந்தாலும் சரிதான். நான் பேனையைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நோ புரொப்ளம், நோ புரொப்ளம்" என்று சொன்னேன். அவர்கள் போடுவது ஒரு சத்தமே இல்லை என்று நான் சொல்வதாகச் சுப்பர் எடுத்துக்கொண்டார். கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டெக்லனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

அன்று பின்னேரம் நான்கு பேரும் வந்து ஆளுக்கொரு தடவை என் கையைக் குலுக்கினார்கள். நான் பயத்தில் செய்தது அவர்களுக்கு நன்மையாகத் தெரிந்தது. திருத்திச் சொல்ல எனக்கு வாயும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. புவனம் வடை கொடுத்தாள். கோனர் ஆறு தின்றான்.

அதன் பிறகு ஒருநாள் லிஃப்ற்றில் டெக்லன் தன் பாஸ்போர்ட்டையும் ஒரு விசாப் படிவத்தையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இமிகிறேசனுக்கு அனுப்பப் போகிறானாம். எனக்குப் பதறிவிட்டது. நான் வந்த புதிதில் என் பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் அதன் பின்னால் அலைந்தவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "ஒறிஜினல் கீப். கொப்பி கிவ்" என்றேன். லிஃப்ற்றில் நானாகப் பேசிய முதல் பேச்சு அது.

டெக்லன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் அப்படியே செய்தான். அதற்குப் பிறகு என்னைக் காணும் இடத்திலெல்லாம் குட்மோர்னிங்குக்குப் பதிலாக "கொப்பி கிவ், மிஸ்டர் குமார்!" என்பான். நானும் தலையாட்டுவேன். வேறொரு மனிதரோடும் எனக்கு இந்த நாட்டில் அவ்வளவு பழக்கம் இருந்ததில்லை.

5

அந்தப் பனி மாரியில் அவர்களுக்கு நல்ல காலம் பிறந்தது. முதலில் ஒரு கல்யாணம். பிறகு ஐரிஷ்காரரின் சேர்ச் மண்டபம். பிறகு ஒரு பாரில் ஒவ்வொரு வெள்ளியும். சுகந்திக்கு அப்போது பதின்மூன்று. பள்ளிக்கூடத்து மெசினில் அவர்களுடைய நோட்டீஸைக் கொப்பி அடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த நோட்டீஸுக்காக அவள் என்னோடு இருந்து எழுத்து வெட்டி ஒட்டிய பின்னேரங்கள்தான், இந்த நாட்டில் நாங்கள் இருவரும் ஒரு மேசையில் இருந்த கடைசிக் காலம் என்று இப்போது தெரிகிறது.

பங்குனி தொடக்கத்தில் சுகந்தி ஓடிவந்து சொன்னாள். குயின் ஸ்ரிறீற்றில் பெரிய பார் ஒன்றின் முதலாளி அவர்கள் அனுப்பிய கசெற்றைக் கேட்டிருக்கிறார். நேரே கேட்கவேண்டும், புதுப் பாட்டுகளும் வேண்டும் என்று வரச் சொல்லி ஒரு நாள் குறித்திருக்கிறார். பிடித்தால் கோடைகாலம் முழுக்கக் கிழமைக்கு மூன்று நாள் அவர்களுக்குத்தான்.

"அதைவிட, லெற்றர் குடுப்பாராம் அப்பா. வேர்க் பெர்மிற்றுக்கு. அது கிடைச்சா அவங்கள் திரும்பிப் போகத் தேவையில்லை."

லெற்றர் என்றால் என்ன என்று என்னைப்போல ஒருவனுக்கு விளக்கம் தேவையில்லை. அன்று அவர்கள் ஆறு மணிக்கு நிறுத்தவில்லை. ஆறேமுக்காலுக்கு நிறுத்தினார்கள். மேல்வீட்டுக்காரர் காலால் நிலத்தில் இடித்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

அதற்கு நாலாம் நாள் தந்தி வந்தது.

6

யோகனுக்கு வயிற்றுக்குத்து. குடல்வளரி, அப்பென்டிக்ஸ். கீறினால் சுகமாகிற வருத்தம். அன்று ஊரடங்கு. விடியும்வரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. விடிந்தபோது போகத் தேவையில்லாமல் போய்விட்டது. இவ்வளவும் பிறகு கடிதத்தில் வந்தது. தந்தியில் மூன்று சொல்தான்.

புவனம் குழறி அழுதாள். சுவருக்கு அப்பால் டிரம்ஸ் சட்டென்று நின்றது. கதவு தட்டிக் கேட்டது. கோனர் கையில் டிரம்ஸ் தடியோடு நின்றான். சுகந்தி விம்மி விம்மி விசயத்தைச் சொன்னாள். அவன் தடியைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

நான் ஊருக்குப் போக முடியாது. கேஸ் முடியமுதல் வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். என் தம்பிக்கு நான் கொள்ளி வைக்கவும் இல்லை, முகம் பார்க்கவும் இல்லை. செத்தவீடு என்று இங்கே என்ன செய்வது? எட்டாம் நாள் சோறு படைத்தோம். செத்தவீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள், அதுவரை வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது. ரீவியைத் துணியால் மூடினோம். ரேடியோவைப் போடவில்லை.

தந்தி வந்த மறுநாள் நான்கு பேரும் தலையை ஈரமாக வாரிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெரிய தட்டில் சான்ட்விச். எல்லாம் பன்றியிறைச்சி. புவனம் இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்தாள். பிறகு எதிர்வீட்டுப் பிலிப்பீன்ஸ் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

டெக்லன் ரீவியின் மேலிருந்த துணியைப் பார்த்துச் சுகந்தியிடம் காரணம் கேட்டான். அவள் சொன்னாள்.

"எத்தனை நாள்?"

"முப்பத்தொண்டு."

"எங்கள் ஊரில் நேர்மாறு. செத்தவரை நடுவில் வைத்துக்கொண்டு பாடுவோம்" என்றான் டெக்லன். பிறகு மற்ற மூவரையும் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் சுவரில் தமிழ்க் கடைக் கலண்டர் தொங்கியது. கோனர் எழும்பி அதற்குக் கிட்டப் போய் விரலால் எண்ணினான். ஒரு இடத்தில் விரல் நின்றது. அது அவர்கள் பாருக்குப் போகவேண்டிய நாள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொன்றுக்குள் அது இருபத்தாறாம் நாள்.

"நோ புரொப்ளம், மிஸ்டர் குமார்" என்றான் கோனர். என் சொல்லையே எனக்குத் திருப்பித் தந்தான்.

அன்றிலிருந்து சுவர் ஊமையாகிவிட்டது.

7

நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் வீட்டுத் துடக்கு, அவர்களுக்கு அதில் என்ன? ஆனால் உங்களுக்குத் தெரியும், ஊரில் ஒரு செத்தவீடு என்றால் அயலட்டையில் யாரும் ரேடியோ போடமாட்டார்கள். கேட்டுச் செய்வதில்லை. அது ஒரு வழக்கம். இந்தப் பதினாலாம் மாடியில், எங்கேயோ இருக்கும் ஒரு நாட்டுப் பொடியன்கள் நான்கு பேர் என் தம்பிக்காக அதைச் செய்கிறார்கள். தம்பிக்கு இந்த நாட்டில் நடந்த ஒரே மரியாதை அதுதான். பின்னேரம் நாலு மணிக்குக் கதிரையைப் போட்டுக்கொண்டு அந்த அமைதியைக் கேட்டபடி இருப்பேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை. கூச்சம் என்பது பிறகுதான்.

பதினேழாம் நாளாக இருக்கும். சுவரில் காதை வைத்தால் மட்டும் கேட்கிறமாதிரி ஒரு சத்தம். பொத்துப் பொத்தென்று. சுகந்தி சொன்னாள், கோனர் ரெலிபோன் புத்தகத்தைக் கட்டிலில் வைத்து அதில் அடித்துப் பழகுகிறானாம். மற்றவர்கள் கரன்ற் போடாத கிற்றாரில் விரலை மட்டும் ஓட்டுகிறார்களாம். சேர்ச்சில் இடம் கேட்டார்களாம். அதைப் பிங்கோ ஆட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

இருபதாம் நாள் சுகந்தி நேரே என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, அவங்களுக்குப் புதுப் பாட்டு ஒண்டும் செற் ஆகேல்லை. நீங்கள் ஓகே எண்டு சொன்னாக் காணும்."

"நான் நிப்பாட்டச் சொல்லேல்லையே. அவையாத்தானே நிப்பாட்டினவை."

"அதுதான். நீங்கள் சொல்லாமல் நிப்பாட்டினபடியாலைதான் நீங்கள் சொல்லவேணும்."

"நீ போய்ச் சொல்லன்."

"நான் சொன்னனான். உன்ர அப்பா சொல்லட்டும் எண்டு டெக்லன் சொல்லுறான். செத்தது அவற்ர தம்பியாம்."

குசினியிலிருந்து புவனம், "துடக்கு வீட்டுக்காரர் இன்னொருத்தற்றை வாசல்லை போய் நிக்கிறதே? முப்பத்தொண்டு முடியட்டும்" என்றாள்.

"அம்மா! இருபத்தாறிலை அவங்களுக்கு எல்லாம் முடிஞ்சிடும்!"

"சரி, சரி. நான் சொல்லுறன்" என்றேன். யோகனுக்குச் சொன்ன அதே சொல்.

மறுநாள் வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே நேரே அவர்களுடைய கதவுக்குப் போனேன். இரண்டு வீட்டுக்கும் இடையில் பன்னிரண்டு அடி இருக்கும். கையைத் தூக்கினேன். உள்ளே கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கினேன். அடுக்கியது சரிந்தது. துடக்கோடு வந்து நிற்கிறேனே என்றும் நினைத்தேன். அந்த நினைவு வந்ததில் எனக்கு எவ்வளவு ஆறுதல்! கையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

சுகந்தி வீட்டுக்குள் வந்ததும், "சொன்னியளா?" என்று கேட்டாள்.

"போனனான். ஆக்கள் இல்லை" என்றேன்.

அவள் கையிலிருந்த வெறும் குப்பை வாளியைக் குசினியில் வைத்தாள். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

8

இருபத்தாறாம் நாள் அவர்கள் போனார்கள். புதுப் பாட்டில் டிரம்ஸ் ஒரு பக்கம், கிற்றார் ஒரு பக்கம். இரண்டு தடவை நிறுத்தித் தொடங்கினார்களாம். முதலாளி மரியாதையாகக் கைகொடுத்து அனுப்பிவிட்டார். கோடைகாலம் வேறொரு குழுவுக்குப் போனது. லெற்றரும் இல்லை. சுகந்தி இதைப் புவனத்துக்குத்தான் சொன்னாள். நான் ஹோலில் இருந்து கேட்டேன்.

முப்பத்தொன்று முடிந்தது. வீடு கழுவி, தலைமுழுகி, ரீவியின் துணியை எடுத்தோம். மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குக் கதவு தட்டிக் கேட்டது. டெக்லன். அன்று அவன் கொப்பி கிவ் என்று சொல்லவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"மிஸ்டர் குமார், இப்போது வாசிக்கலாமா?"

பெயின்ற் பட்ட கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, என் பதிலுக்காக நின்றான். அவனுடைய கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். இல்லை.

நான் தலையாட்டினேன்.

அன்று வாசித்தார்கள். முதலில் மெல்ல, பிறகு சத்தமாக. நன்றாகத்தான் இருந்தது. அதைக் கேட்க வேண்டிய மனிதர் குயின் ஸ்ரிறீற்றில் இருந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. வெள்ளிக்கிழமை பாரும் கைமாறியது. அண்ணன் தம்பி இருவரும் ஆவணியில் ஊருக்குத் திரும்பினார்கள். விசா முடிந்த கோனர் டிரம் செற்றை விற்றுவிட்டு ஐப்பசியில் போனான். போகும்போது புவனத்திடம் வடைக்கு எப்படி அரைப்பது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனான். டெக்லன் மாரி வரை தனியே தாக்குப்பிடித்தான். தனியே ஒரு கிற்றார் சுவருக்கு அப்பால் கேட்கும். பிறகு அதுவும் இல்லை.

கடைசி நாள் அவன் பெட்டியோடு வந்து என் கையில் ஒரு கசெற்றை வைத்தான். அந்த முதலாளிக்கு அனுப்பியதன் பிரதி. "ஒறிஜினல் கீப்" என்று தன் நெஞ்சைத் தொட்டான். "கொப்பி கிவ்" என்று என் விரல்களை அதன்மேல் மடித்துவிட்டான். லிஃப்ற் வந்தது. போய்விட்டான்.

கசெற்றை நான் கேஸ் பேப்பர்கள் வைக்கும் பிஸ்கற் தகரத்தில் வைத்தேன். எப்போதோ சுகந்தி அதை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. எண்பத்தெட்டில் என் கேஸ் முடிந்தது. இங்கேயே நிரந்தரமாக இருக்க லான்டட் பேப்பர் வந்தது. யாருக்கு எது கிடைக்கிறது என்பதில் ஒரு நியாயமும் இல்லை.

9

நேற்றுப் படையல் எடுத்துச் சாப்பிட்டு முடிந்ததும் சுகந்தி கசெற் பிளேயரைக் கொண்டுவந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். இப்போது பாதிக்குமேல் ஆங்கிலம்தான். பிறகு என்ன நினைத்தாளோ, தமிழுக்கு வந்தாள்.

"அண்டைக்கு நான் குப்பை போட வந்தனான் அப்பா. நீங்கள் அவங்கட கதவடியிலை கையைத் தூக்கிக்கொண்டு நிண்டதைக் கண்டனான்."

மூன்று வருடம் அதை மனதில் வைத்திருந்திருக்கிறாள். என்னோடு மேசையில் இருப்பதை அவள் எப்போது விட்டாள், ஏன் விட்டாள் என்று நான் பள்ளிக்கூடத்தையும் சிநேகிதிகளையும் இந்த நாட்டையும் குறை சொல்லிக்கொண்டு இருந்தேன்.

"ஏன் பிள்ளை அப்ப சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டுப் பட்டனை அமத்தினாள்.

முதலாவது பாட்டு எனக்குத் தெரிந்த பாட்டு. கோனரின் அடி முதுகில் வந்து தட்டியது. புவனம் கண்ணைத் துடைத்தாள். பாட்டு முடிந்தது. கசெற் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த பாட்டுக்கு முந்திய இடைவெளி. யாரோ கிற்றாரில் ஒரு நரம்பைத் திருகுகிற சத்தம். அதற்குப் பின்னால், தூரத்தில், ஆனால் தெளிவாக, ஒரு மனிதனுடைய குரல்.

"புவனம்! தேத்தண்ணி எங்கை? சீனி கூடப் போடு!"

என் குரல். குசினியில் கதிரையில் இருந்து நான் கேட்டது. ஒரு சொல்லும் மங்கவில்லை.

கசெற்றில் கோனர் சிரித்தான். "மிஸ்டர் குமார் வந்துவிட்டார்" என்றான். டெக்லனின் குரல், "பொறு, அவர் பேசி முடிக்கட்டும்" என்றது. அவர்கள் பொறுத்தார்கள். பிறகு தடியால் நாலு தரம் தட்டி, அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

சுகந்தி நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு போய்க்கொண்டிருந்தது. படத்தில் யோகன் பெல்பொட்டம் காலத்துத் தலைமயிரோடு இருந்தான்.

அந்தக் கதவுக்குப் பன்னிரண்டு அடி என்று மூன்று வருடமாகக் கணக்கு வைத்திருந்தேன். துடக்கு என்று சொன்னேன், ஆங்கிலம் வராது என்று சொன்னேன். அந்த முப்பத்தொரு நாளும் நான் அந்தச் சுவரோடுதான் இருந்தேன். எழும்பவே தேவையில்லை. தேத்தண்ணி கேட்கிற குரலில் 'பிளே' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சொல் எனக்கு ஆங்கிலத்தில் தெரியும்.